ஃபேன்டசி ரோல்பிளே ஆட்டத்தில் இனங்களையும் திறன் வரம்புகளையும் சமன் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சொந்தமாக ஒரு ஃபேன்டசி ரோல்பிளே ஆட்டம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தொடுவது இனங்களைத்தான். எல்ஃப், குள்ளர், ஓர்க் என்று கற்பனை இனங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சலுகையாக +2, குறையாக -2 போட்டுவிடுவார்கள். திறன்களும் வரம்புகளும் அதற்கப்புறம்தான் வரும். நான் பார்த்த வரை பின்னால் முளைக்கும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த வரிசையிலிருந்தே கிளம்புகின்றன. எதன் மேல் +2 என்று தெரிவதற்கு முன்பே விலை பேசி முடித்துவிடுகிறோம்.

இங்கே வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் ஆட்டத்தின் நீளம், அப்புறம் பகடை, அப்புறம் திறன், அப்புறம் வரம்பு. இனம் ஐந்தாவது படியில்தான் தலைகாட்டும். அதுவரை பொறுத்திருங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆட்டத்தின் அடிப்படை விதி முடிவாகியிருக்க வேண்டும்: எந்தப் பகடை, எதைக் கூட்டுவது, எந்த எண்ணைத் தாண்ட வேண்டும் என்பது வரை. இந்த வழிகாட்டி முழுக்க நான் எடுத்துக்கொள்ளும் விதி இது: 20 முகப் பகடை ஒன்றை உருட்டி, அதோடு பண்பு எண்ணையும் (பலம், அறிவு போன்ற இயல்பின் அளவு) திறன் படியையும் (ஒரு திறனில் உள்ள தேர்ச்சியின் அளவு) கூட்ட வேண்டும். இலக்கு எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வெற்றி.

12 முதல் 18 திறன்கள் வரை உள்ள பட்டியல் ஒன்று வேண்டும். அதற்கு மேல் போனால் யாரும் தொடாத திறன்கள் சேர்ந்துவிடும். கணக்குப் போட ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வேண்டும். சோதித்துப் பார்க்க மூன்று நான்கு பேர் வேண்டும். அவர்களில் ஒருவராவது விதியில் ஓட்டை தேடுவதில் ஆர்வம் உள்ளவராக இருக்கட்டும். அவர் ஒரே மாலையில் கண்டுபிடிப்பதை நீங்கள் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்க மாட்டீர்கள்.

1. ஆட்டம் எந்த லெவலில் முடியும் என்று முதலில் எழுதுங்கள்

இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். லெவல் என்பது ஆட ஆட ஏறும் கதாபாத்திரத்தின் வளர்ச்சி நிலை. விதிநூலில் 20 லெவல் வரை இருக்கும். நிஜத்தில் குழு எட்டாவது லெவலைத் தாண்டாமலே கதை முடிந்துவிடும். நீங்கள் சமன் செய்ய வேண்டியது ஆடப்போகிற லெவல்களை மட்டும்தான்.

1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற புகழ்பெற்ற ரோல்பிளே ஆட்டத்தின் முதல் பதிப்பு இதற்கு நல்ல பாடம். அதில் குள்ளர் போர்வீரராக மட்டுமே ஆடலாம். அதுவும் ஆறாவது லெவலோடு நின்றுவிட வேண்டும். மனிதருக்கு அப்படி ஒரு தடை இல்லை. குள்ளருக்கு ஆரம்பத்தில் கிடைக்கும் சலுகைகளுக்கு இந்தத் தடை ஈடு என்பது கணக்கு. ஆட்டம் ஐந்தாவது லெவலில் முடிந்தால் குள்ளர் எதையும் இழக்காமல் எல்லாச் சலுகையையும் அனுபவித்துவிடுவார். பன்னிரண்டு வரை போனால் பாதி ஆட்டத்துக்கு மேல் வளர்ச்சியே இல்லாமல் உட்கார்ந்திருப்பார். எந்தப் பக்கம் பார்த்தாலும் சமன் இல்லை. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்த லெவல் தடைகளை மொத்தமாக எடுத்துவிட்டது.

இன்று கிடைக்கும் சலுகைக்கு என்றோ வரப்போகிற தடை ஈடாகாது. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சலுகையும் அதன் விலையும் ஆட்டத்தின் ஒரே கட்டத்தில் வர வேண்டும்.

நம் எடுத்துக்காட்டு ஆட்டம் 8 லெவலில் முடியும் என்று வைத்துக்கொள்வோம்.

2. உங்கள் பகடையில் ஒரு புள்ளி எவ்வளவு பெறும் என்று பாருங்கள்

20 முகப் பகடையில் ஒவ்வொரு +1-உம் 5 சதவீதப் புள்ளி. எங்கே கூட்டினாலும் அதே 5. மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டும் ஆட்டத்தில் அப்படி இல்லை. 11 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு 50 சதவீதம். 10 அல்லது அதற்கு மேல் என்றால் 62.5. நடுவில் ஒரு +1 பன்னிரண்டரைப் புள்ளி தருகிறது. அதே +1, தேவையை 17-இலிருந்து 16-க்கு இறக்கும்போது கிட்டத்தட்ட 3 புள்ளிதான் தருகிறது. வேறொரு ஆட்டத்தின் இனப் பட்டியலை அப்படியே எடுத்துத் தன் ஆட்டத்தில் ஒட்டுகிறவர்கள் இங்கேதான் அடி வாங்குகிறார்கள். எண் ஒன்றாக இருந்தாலும் பகடை வேறு.

சரி, இப்போது வெற்றி வாய்ப்புக்கு மூன்று நிலைகளை முடிவு செய்யுங்கள். நான் எடுத்துக்கொள்வது: வழக்கமான இலக்கு 15. பயிற்சி இல்லாதவருக்கு +0, அதாவது 30 சதவீதம். தேர்ந்தவருக்கு +6, அதாவது 60 சதவீதம். உச்சத்தில் இருப்பவருக்கு +12, அதாவது 90 சதவீதம்.

ஆக மொத்த இடமே 12 புள்ளிதான். பண்புக்கு 3, திறன் படிக்கு 9 என்று பிரித்தால் இடம் நிரம்பிவிட்டது. ஒரு இனத்துக்கு +4 கொடுக்கக் கை நீளும்போது, மொத்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிறப்பிலேயே தூக்கிக் கொடுக்கிறோம் என்பது இப்போது கண்ணுக்குத் தெரியும். நான் 2-க்கு மேல் போவதில்லை.

3. திறன்களுக்கு எடை போடுங்கள்

எல்லாத் திறனும் ஒரே விலை இல்லை. மூன்று அமர்வுகள் இனமே இல்லாமல் ஆடிப் பாருங்கள், எல்லோரும் மனிதர். ஒவ்வொரு திறனும் எத்தனை முறை உருட்டப்பட்டது என்று கோடு போட்டு எண்ணுங்கள். கவனித்தல் பல முறை வரும். கொல்லுவேலை ஓரிரு முறை வந்தால் அதிகம்.

அடிக்கடி வருவதற்கு எடை 3, நடுத்தரத்துக்கு 2, அரிதாக வருவதற்கு 1. சண்டைத் திறன்களுக்கு யோசிக்காமல் 3 போடுங்கள்.

எண்ணிக்கையோடு இன்னொன்றையும் பாருங்கள்: தோற்றால் என்ன ஆகும்? மலையேற்றம் அமர்வுக்கு ஒரு முறைதான் வருகிறது, ஆனால் தவறினால் ஆள் செத்துப்போவார் என்றால் அதற்கு 2 கொடுக்கலாம். பாட்டுத் திறன் நாலு முறை வந்தும் தோற்றால் ஒன்றும் ஆகாது என்றால் 1 போதும். இதற்குச் சூத்திரம் கிடையாது, உங்கள் ஆட்டத்தை நீங்கள்தான் பார்த்து எடை போட வேண்டும்.

4. உச்சவரம்பை இனத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள்

வரம்பில் மூன்று வகை உண்டு. மூன்றும் வெவ்வேறு வேலை செய்பவை.

ஒரு திறனுக்கான தனி உச்சம் பகடையைக் காப்பாற்றுகிறது. நம் ஆட்டத்தில் அது 9-ஆம் படி. அது இல்லாவிட்டால் ஒருவர் எல்லாப் புள்ளியையும் ஒரே திறனில் கொட்டி, பகடை உருட்டவே தேவையில்லாத நிலைக்குப் போய்விடுவார்.

லெவலோடு கட்டிய உச்சம் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பில் தன் வகுப்புக்கு (போர்வீரர், மந்திரவாதி போன்ற தொழில்) உரிய திறனில் லெவல் + 3 வரைதான் ஏற்றலாம். நான் லெவல் + 2 வைத்துக்கொள்கிறேன்: முதல் லெவலில் 3-ஆம் படி, ஏழாவது லெவலில் 9.

மொத்தக் கூட்டுக்கான வரம்பு தேர்வை உண்டாக்குகிறது. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன் என்ற இணைய ஆட்டத்தில் ஒரு திறனுக்கு 100, எல்லாத் திறனுக்கும் சேர்த்து 700 என்று வைத்திருந்தார்கள். ஏழு திறன்களை முழுதாக ஏற்றலாம். எட்டாவது வேண்டுமானால் இருப்பதில் ஒன்றைக் குறைக்க வேண்டும். மேசையில் ஆடும்போது இதே வேலையை ஏறும் விலை செய்யும். 1 முதல் 3 வரையிலான படிகளுக்குத் தலா 1 புள்ளி, 4 முதல் 6 வரை தலா 2, 7 முதல் 9 வரை தலா 3. ஒரு திறனை உச்சத்துக்குக் கொண்டுபோக 18 புள்ளி. தொடக்கத்தில் 12 புள்ளியும் ஒவ்வொரு லெவல் ஏறும்போது 6 புள்ளியும் கொடுத்தால் எட்டாவது லெவலில் மொத்தம் 54. அதாவது மூன்று திறன்களில் உச்சம், அல்லது பலவற்றில் நடுத்தரம்.

தன் கதாபாத்திரம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று ஆடுபவர் யோசிக்கத் தொடங்குவது இங்கேதான். இந்த எண்ணிக்கை சரியாக வரும் வரை இனத்தைத் தொடாதீர்கள்.

5. மனிதரை முதலில் எழுதுங்கள்

மனிதரே அளவுகோல். மற்ற எல்லா இனத்தையும் மனிதரோடு மட்டும் ஒப்பிடுங்கள். எல்ஃபையும் ஓர்க்கையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடத் தொடங்கினால் ஆறு இனத்துக்கு 15 ஜோடிகள். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கோணும்.

"மனிதர் எல்லாவற்றிலும் கொஞ்சம்" என்று எழுதுவது வழக்கமான தவறு. 2014-ஆம் ஆண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதியில் மனிதருக்கு ஆறு பண்புகளிலும் +1. காகிதத்தில் ஆறு புள்ளி, பிரமாதமாகத் தெரியும். ஆனால் அந்த ஆட்டத்தில் பண்பு இரட்டைப்படை எண்ணைத் தொடும்போதுதான் பகடையோடு கூட்டும் எண் ஏறும். ஒற்றைப்படையில் நிற்கும் பண்புக்கு மட்டுமே அந்த +1 பயன்படும். மற்றவற்றில் அப்போதைக்கு வெறும் எண்.

மனிதருக்கு நான் கொடுப்பது தேர்வு. தொடக்கத்தில் விருப்பமான இரண்டு திறன்களில் தலா ஒரு படி இலவசம். எதற்கு வேண்டுமானாலும் போடலாம் என்பதால் நிச்சயம் எடை 3 உள்ளவற்றில்தான் போடுவார்கள். ஆக மதிப்பு 6. இந்த 6 தான் மற்ற எல்லா இனத்துக்கும் பட்ஜெட்.

6. இனத்துக்கு மூன்று கைப்பிடிகள்: தொடக்கம், வேகம், உச்சம்

ஒரு இனம் ஒரு திறனில் சிறந்தது என்று சொல்ல மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு.

தொடக்கம்: இலவசப் படியோடு தொடங்குவது. லெவல் வரம்புக்கு மேலேயும் அது நிற்கலாம், 9 என்ற உச்சத்தைத் தாண்டாது. எல்ஃபுக்கு வில்வித்தையில் ஒரு படி கொடுத்தால் முதல் லெவலில், தன் இலவசப் படியை வில்லில் போடாத மனிதர் 3, எல்ஃப் 4. ஆறாவது லெவலில் 8-உம் 9-உம். ஏழாவதில் இருவரும் 9. ஆக இந்தச் சலுகை ஆறு லெவல் உழைத்து, பிறகு ஓய்ந்துவிடும். 8 லெவல் ஆட்டத்துக்கு இது நல்ல நீளம்.

வேகம்: 4-ஆம் படியிலிருந்து ஒவ்வொரு படியும் ஒரு புள்ளி மலிவு. உச்சம் வரை போனால் 6 புள்ளி மிச்சம். முதல் லெவலில் இது கண்ணுக்கே தெரியாது, நடுவில்தான் கடிக்கும்.

உச்சம்: 9-க்குப் பதில் 10. கடைசியில் மட்டுமே வேலை செய்யும். 90 சதவீதம் 95 ஆகும். ஒரு இனத்துக்கு ஒரு திறனில் மட்டும், அதுவும் எடை 1 அல்லது 2 உள்ள திறனில் மட்டும் கொடுங்கள். உலகத்திலேயே சிறந்த கொல்லர் குள்ளர்தான் என்ற உணர்வு இந்த ஒரு படியிலிருந்து வரும். சண்டைத் திறனில் கொடுத்தால் கடைசி இரண்டு லெவல்களில் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

விலை இப்படி: தொடக்கத்தில் ஒரு படிக்கு எடை × 1. வேகத்துக்கு எடை × 2. உச்சத்துக்கு எடை × 1.

இங்கே ஒரு ஓட்டையை அடைத்துவிடுங்கள். இலவசப் படி எப்போதும் அடிப்படியாகத்தான் கணக்காக வேண்டும். 1-ஆம் படி இலவசம் என்றால் மிச்சம் 1 புள்ளி. "வாங்கிய படியோடு கூட்டிக்கொள்" என்று எழுதினால் 8 படி வாங்கி 9 ஆக்கிக்கொள்வார்கள். மிச்சம் 3 புள்ளி. ஒரே சலுகை, மூன்று மடங்கு மதிப்பு. நான் முதலில் சொன்ன ஓட்டை தேடும் நண்பர் இதைத்தான் முதலில் பிடிப்பார்.

7. உடலையும் வளர்ப்பையும் பிரித்து விலை போடுங்கள்

பட்ஜெட் 6-இல் 3 உடலுக்கு, 3 வளர்ப்புக்கு. இருளில் பார்ப்பது, உருவத்தின் அளவு, களைப்பைத் தாங்குவது உடல். கொல்லுவேலை, வில், பேரம் பேசுவது எல்லாம் வளர்ந்த இடத்தில் கற்றவை.

குள்ளர்: உடலில், தாங்குதிறன் (எடை 2) ஒரு படி 2 புள்ளி, இருள் பார்வை 1 புள்ளி. சுரங்க ஊர் வளர்ப்பில், கொல்லுவேலை (எடை 1) இரண்டு படி 2 புள்ளி, உச்சம் ஒன்று 1 புள்ளி. மொத்தம் 6.

எல்ஃப்: உடலில், கவனித்தல் (எடை 3) ஒரு படி 3 புள்ளி. காட்டு வளர்ப்பில், வில்வித்தை (எடை 3) ஒரு படி 3 புள்ளி. மொத்தம் 6. குள்ளரின் பட்டியல் நீளம், எல்ஃபின் பட்டியல் குட்டை, விலை ஒன்றுதான். பார்த்ததும் எல்ஃபுக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டோம் என்று தோன்றும். தோன்றட்டும், மேசையில் அப்படித் தோன்றாது.

பிரிப்பதால் என்ன லாபம்? ஒரு வகுப்புக்கு ஒரே இனம்தான் சரி என்ற நிலை உடைகிறது. சுரங்க ஊரில் வளர்ந்த எல்ஃப், காட்டில் வளர்ந்த குள்ளர் இரண்டும் ஆடத் தகுந்த கதாபாத்திரங்கள் ஆகின்றன. பெரிய ஆட்டங்களும் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கின்றன: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 விதிநூல் பண்பு உயர்வுகளை இனத்திலிருந்து எடுத்துப் பின்னணியோடு சேர்த்தது. ஒரு இனமே பிறப்பால் மந்தம், ஒரு இனமே பிறப்பால் கொடூரம் என்று எழுதுவதிலிருந்தும் இது நம்மைக் காக்கிறது. அப்படி எழுதிய வரியை மேசையில் எல்லோர் முன்னாலும் வாசிக்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று யோசித்தாலே போதும்.

8. குறைகளுக்குப் பணம் திருப்பித் தராதீர்கள்

"ஓர்க்குக்குப் பேச்சுத் திறன் -2, அதனால் வாளில் +2" என்பது காகிதத்தில் மட்டும்தான் சமன். ஓர்க்கை எடுப்பவர் பேசவே போவதில்லை. குழுவில் பேச வேறொருவர் இருப்பார். குறையை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு நிறையை மட்டும் தினமும் பயன்படுத்துவார்.

அதனால் என் விதி: குறை வைக்கலாம், ஆனால் அதற்காகப் பட்ஜெட் ஏறாது. கதைக்கு வேண்டுமென்றால் வையுங்கள்.

வைப்பதாக இருந்தால் மூடாதீர்கள், மெதுவாக்குங்கள். "குள்ளர் மந்திரம் கற்கக் கூடாது" என்பதைவிட "குள்ளருக்கு மந்திரத்தின் முதல் மூன்று படிகளும் 2 புள்ளி" என்பது மேல். குள்ள மந்திரவாதியாக ஆட ஆசைப்படுகிறவர் கூடுதலாக 3 புள்ளி செலவழித்து உள்ளே வருவார். அந்த விலையே அவருக்கு ஒரு கதையாகும். கதவைச் சாத்தினால் அவர் எல்ஃபை எடுத்துக்கொண்டு உற்சாகம் இல்லாமல் ஆடுவார்.

9. பகடை உருட்டாத வரங்களைத் தனியாகப் பாருங்கள்

பறப்பது, சுவருக்குள் நடப்பது, நீரில் மூச்சுவிடுவது. இவற்றை எடை × படி என்று கணக்கிட முடியாது. இவை வெற்றி வாய்ப்பை உயர்த்துவதில்லை, தடையையே இல்லாமல் ஆக்குகின்றன. முதல் லெவலிலேயே சிறகுள்ள இனத்தைக் கொடுத்த ஓர் ஆட்டத்தில் பள்ளம், மதில், ஆறு மூன்றும் ஒரே அமர்வில் பொருளிழந்ததைப் பார்த்திருக்கிறேன். மலையேற்றத்தில் புள்ளி போட்டிருந்தவர் முகம் வாடிப்போனது. அவர் செலவழித்த புள்ளிகளை இன்னொருவரின் பிறப்பு செல்லாக்காசாக்கிவிட்டது.

சிறகு வேண்டுமென்றால் முதலில் தாவி மிதக்க மட்டும் விடுங்கள். மூன்றாவது லெவலில் சில நொடிப் பறத்தல், ஆறாவதில் முழுப் பறத்தல். அந்த லெவலுக்குள் மந்திரவாதிக்கும் பறக்கும் மந்திரம் கிடைத்திருக்கும். யாருடைய இடமும் பறிபோகாது.

10. காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு இனத்துக்கும் ஒரே வகுப்பில் ஒரு கதாபாத்திரம் போடுங்கள். லெவல் 1, 4, 8 மூன்றிலும் இலக்கு 15-க்கு எதிரான வாய்ப்பை எழுதுங்கள். பண்பு +2 உள்ள, இலவசப் படியை வில்லில் போடாத மனித வில்லாளி முதல் லெவலில் மொத்தம் +5, அதாவது 55 சதவீதம். எல்ஃப் +6, 60 சதவீதம். எட்டாவதில் இருவரும் ஒன்று.

சண்டையில்லாத திறன்களில் 10 சதவீதப் புள்ளி இடைவெளி வரை விடலாம். சண்டையில் 5-க்கு மேல் விடாதீர்கள். காரணம், 55-இலிருந்து 65-க்குப் போகிறவர் பத்துப் புள்ளிதான் கூடுதல் என்று தோன்றினாலும், அவருடைய அடிகளின் எண்ணிக்கை 18 சதவீதம் கூடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் உருட்டும் திறன் என்பதால் அது சேர்ந்துகொண்டே போகும்.

11. மேசையில் ஓட்டிப் பாருங்கள்

முதல் லெவலில் இரண்டு அமர்வு, நாலாவதில் ஒன்று, எட்டாவதில் ஒன்று. முதல் லெவலில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்துகிறவர்கள் அதிகம். வேகமும் உச்சமும் அங்கே தெரியவே தெரியாது என்பதால் அந்தச் சோதனை தொடக்கச் சலுகைக்கு மட்டுமே செல்லும்.

ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்: எந்த இனத்தை யாரும் எடுக்கவில்லை, எந்த இனத்தை எல்லோரும் எடுத்தார்கள், எந்தச் சலுகையை அதை வைத்திருப்பவரே மறந்துவிட்டார். கடைசிக் குறிப்பு ரொம்ப முக்கியம். மறக்கப்படும் சலுகைக்கு நீங்கள் போட்ட விலை பொய்.

12. திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரே எண்

இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதலில் திறனின் எடையைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். எடை மாறினால் எல்லா இனத்தின் விலையும் தானாகச் சரியாகும். அப்புறம் தொடக்கப் படி, அதற்கப்புறம் வேகம். உச்சத்தைக் கடைசியில் தொடுங்கள்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது திருத்த நேர்ந்தால், ஏற்கெனவே கொடுத்ததை ஒருவரிடமிருந்து பிடுங்காதீர்கள். மற்ற இனங்களை ஒரு படி ஏற்றிவிடுங்கள். அது முடியாத அளவுக்குக் கோணியிருந்தால், அடுத்த லெவல் ஏறும் அன்று அந்த ஒருவருக்கு மட்டுமல்ல, மேசையில் இருக்கும் எல்லோருக்கும் திறன் புள்ளிகளை ஒரு முறை கலைத்துப் போட்டுக்கொள்ள அனுமதி கொடுங்கள்.